பட்டியலிலிருந்து என் பெயரை எடுங்கள்

1

சிவாஜிநகர் பேருந்து நிலையத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பெயிண்ட் பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, நான்கு பிரஷ், பட்டி பூசும் தகடு ஒன்று. பிற்பகல் மூன்று மணி இருக்கும். நான் போக வேண்டிய பக்கம் போகும் பேருந்துகள் என்னை உரசிக்கொண்டு போயின. ஏறவில்லை. பயம் வந்தால் என்னால் உட்கார முடியாது, நடக்கத்தான் முடியும்.

தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கறிக்கடைக்காரரிடம், மாடிவீட்டு ஓய்வு பெற்ற டீச்சரிடம், குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களிடம். "பொம்மசந்திரா போறேன். இனிமே ஜாகை அங்கதான்" என்று உரக்கச் சொன்னேன். அந்தத் தெருவில் அதுவரை நான் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் அரசாங்க ஆள் ஒருவர் வந்து, அந்தோனி இங்கே இருக்கிறாரா என்று விசாரிப்பார். எல்லாரும் ஒரே மாதிரி, போய்விட்டார் என்று சொல்ல வேண்டும்.

குழாயடியில் ஒருத்தி விடவில்லை.

"நாளைக்கு ஜெனிக்கு பர்த்டே இல்லண்ணா? இன்னிக்குப் போய் மூட்டை கட்டறியே?"

"வேலை வந்துடுச்சும்மா."

"கேக் வெட்டிட்டுப் போனா வேலை என்ன ஓடியா போயிடும்?"

"ஓடிடும்."

"நல்ல அப்பன்தான் போ" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு நான் போனது நினைவிருக்கும். நல்லதுதான்.

ஜெனி என் ஒரே மகள். மறுநாள் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அவள் கல்லூரியிலிருந்து வருவதற்குள் நான் தெருமுனையைத் தாண்டியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். எதை என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

2

மன்னார்ப் பக்கத்தில் இதை வாசிப்பவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. வீட்டாரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், என் பெயரையும். மற்றதெல்லாம் நடந்தபடி.

ஒன்பது வயதில் அங்கிருந்து படகில் இந்தியாவுக்கு வந்தேன். கரையில் இறங்கியதும் ஒரு மேசை, ஒரு பதிவேடு, ஒரு அலுவலர். நான் மெலிந்திருந்ததால் ஏழு வயது என்று எழுதிக்கொண்டார். அப்பா திருத்த வாய் திறந்தார். பின்னால் நின்றவர் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். பதிவேட்டில் ஏறியதைத் திருத்தச் சொல்லக் கூடாது என்பதுதான் இந்தியாவில் நாங்கள் படித்த முதல் பாடம். இன்றுவரை எல்லாக் காகிதத்திலும் நான் இரண்டு வயது இளையவன்.

பிறகு தமிழ்நாட்டில் முகாம். மாதத்தில் ஒருநாள் செக்கிங். குடும்ப அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்போம். அலுவலர் பெயரை வாசிப்பார். வாசித்ததும் முன்னால் போய், அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என்ன காகிதம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வரிசை நின்றுவிடும், பின்னால் நிற்பவர்கள் வைவார்கள். விரல் காட்டினால் கையெழுத்து. அந்தப் பழக்கம் எங்கள் எல்லாருடைய கையிலும் ஏறிவிட்டது. மூளையைக் கேட்காமல் கை தானாகச் செய்யும்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. முகாம் ஆண்களில் பாதிப்பேருக்குப் பெயிண்ட் வேலைதான். பத்தொன்பது வயதில் ஒரு பெயிண்டர் கோஷ்டியோடு கிளம்பினேன். திருப்பூர், கொச்சி, ஹூப்ளி, கோவா. ஒரு கட்டடம் முடியும்வரை ஒரு ஊர். ஒரு செக்கிங்குக்குப் போகவில்லை, அடுத்ததற்கும் போகவில்லை, அதற்கடுத்ததற்கும். என் பெயரை அடித்துவிட்டதாக அம்மா சொல்லியனுப்பினாள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது எனக்குப் பயம் கிடையாது. பயப்பட நான் ஒருவன்தானே இருந்தேன்.

பெங்களூருக்கு ஒரு மழைக்காலத்தில் வந்தேன். செப்டம்பர் மாதா திருவிழாக் கூட்டத்தில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன், கட்டிக்கொண்டேன். அவளுடைய குடும்பம் வெள்ளைக்காரன் கண்டோன்மெண்ட் காலத்திலிருந்து இங்கே இருப்பது. அவள் இப்போது ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆயா. நான் யார் என்பது அவளுக்குத் தெரியும். தெருவுக்கு நான் ராமநாதபுரத்துக்காரன். ஜெனிக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தோம்.

அதற்காக வாயைத் திருத்திக்கொண்டேன். 'ஓம்' என்பதை எடுத்துவிட்டு 'ஆமா' வைத்தேன். தூக்கத்தில் என்ன பேசுகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் அடிக்கடி கேட்பேன். ஒருமுறை வைட்ஃபீல்டில் பதினோராவது மாடியில் தொங்கி வேலை செய்தபோது பக்கத்தில் இருந்தவனுடைய கயிறு வழுக்கியது. "கவனமடா, விழப்போறாய்!" என்று கத்திவிட்டேன். அவன் விழவில்லை. கீழே இறங்கியதும் சூப்பர்வைசர், "நீ என்ன, சிலோனா?" என்றார். "சினிமா பாத்துக் கத்துக்கிட்டது சார்" என்றேன். அவர் சிரித்தார். மறுநாள் நான் அந்த வேலைக்குப் போகவில்லை. பாதிச் சுவர் அப்படியே நின்றது.

ஆதார் அட்டை என்னிடம் இருக்கிறது. அது இங்கே வசிப்பவர்களுக்கு எல்லாம் கொடுப்பது. குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சடித்திருப்பார்கள். அதைத் தாண்டி எந்தப் பட்டியலிலும் சேராமல் இருப்பதே என் பாதுகாப்பு.

3

ஜெனி இரண்டாவது பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிறாள். அரசியல் அறிவியல் என்றால் உயிர். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஒரு எழுத்து வாசிக்க வராது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான். நான் வீட்டில் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் கொட்டாவி விடுவாள். அதற்காக வருத்தப்பட்டிருக்கிறேன். இப்போது அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பிட்டுக்கொண்டே பாடம் ஒப்பிப்பாள்.

"ஸ்டேட்டுக்கு நாலு எலிமெண்ட் டாடி. மக்கள், நிலம், கவர்ன்மெண்ட், சாவரெய்ன்டி. ஒண்ணு கொறஞ்சாலும் அது ஸ்டேட் இல்ல."

"ஆளுக்கு எத்தனை?"

"ஆளுக்கா? ஆளுக்கு சோறு இருந்தாப் போதும்."

ஸ்டெல்லா சிரிப்பாள். இன்னொரு நாள், மக்களும் அரசும் ஆதியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டதாக ஒரு கொள்கை இருக்கிறது என்றாள். யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டேன். "யாரும் போடல டாடி, அது ஒரு ஐடியா" என்றாள். நான் பார்த்த ஒப்பந்தம் எல்லாவற்றிலும் யாராவது கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெரும்பாலும் வாசிக்கத் தெரியாதவர்கள்.

அவள் கல்லூரியில் வாக்காளர் விழிப்புணர்வு மன்றம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவியும் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மம்மி பேரு இருக்கு. உங்க பேருதான் இல்ல. என்ன டாடி நீங்க, இத்தனை வருஷமா ஒரு வோட்டு போட்டதில்லியா? வெக்கமா இல்ல?"

"வேலை இருந்துச்சு."

"வோட்டிங் டே ஹாலிடே டாடி!"

பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நான் வாசலில் தின்னரால் கையிலிருந்த பெயிண்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வந்தாள். கன்னடத்தில் அச்சடித்த படிவம். ஓரிடத்தில் விரல் வைத்தாள். "இங்க சைன் போடுங்க, கிளாஸுக்கு லேட் ஆகுது." நான் போட்டேன். பெயிண்ட் கறையோடு, தெளிவான கையெழுத்து.

தபாலில் வாக்காளர் அட்டை வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உறையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் படம், என் பெயர், அதன் கீழே என் அப்பாவின் பெயர், சந்தியோகு. முகாமிலேயே இறந்த மனிதர். ஓர் அரசாங்கம் அவர் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்தது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால் ஒரு கால் மணிநேரம் சந்தோஷமாக இருந்தேன். எந்தக் கட்சிக்குப் போடலாம் என்றுகூட யோசித்தேன்.

மாலையில் ஸ்டெல்லா ஜெனியின் கைபேசியை வாங்கி, அதில் இருந்த படிவத்தின் படத்தைப் பெரிதாக்கி, கன்னடத்தை எழுத்துக்கூட்டி மெல்லிய குரலில் எனக்குச் சொன்னாள். "நான் இந்தியக் குடிமகன்னு உறுதி சொல்றேன். பொறந்த எடம் ராமநாதபுரம், தமிழ்நாடு. இது பொய்யா இருந்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்." பிறகு, "கீழ உன் சைன், மேன்" என்றாள்.

4

அந்த வாரம் குழாயடியில் ஒரு பேச்சு. பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாக வரப்போகிறார்களாம். ஒவ்வொருவரிடமும், உன் அப்பா அம்மா பெயர் பழைய பட்டியலில் எங்கே இருந்தது என்று கேட்பார்களாம். உண்மையோ வதந்தியோ, பாதிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன். உங்களுக்கு அங்கே கிராம சேவகர் வீட்டுக்கு வந்து பட்டியலுக்குப் பெயர் எழுதுவது சாதாரண விஷயம். எனக்கு அப்படியில்லை. பட்டியலில் இல்லாத என்னை இத்தனை வருடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெயர் ஏறியதும் கேள்வி வருகிறது.

என் ஒருவனைப் பற்றிய பயம் என்றால் பையைத் தூக்கியிருப்பேன். ஜெனியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பல வருடமாக இருந்தது, யாரிடமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அவள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தபோது, வேறு யார் கதையோ போலக் கேட்டேன்.

"சைட்ல ஒருத்தர் கேக்கறாரு. அப்பா வெளிநாடு, அம்மா இந்தியா. பிள்ளை இங்கேயே பொறந்தது. அது இந்தியாதானே?"

ஜெனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளிடம் பாடத்தைப் பற்றிக் கேட்கிற ஆள் வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ஃபாதர் எப்படி வந்தாரு? பாஸ்போர்ட், விசா?"

"படகுல."

"அப்ப இல்லீகல் மைக்ரண்ட்." பக்கத்தைப் புரட்டினாள். "பிள்ளை எப்ப பொறந்துச்சு?"

"உன் வயசு இருக்கும்."

பென்சிலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தாள். "ரெண்டாயிரத்து நாலு டிசம்பருக்கு அப்புறம் பொறந்திருந்தா ரூல் வேற டாடி. ஒரு பேரண்ட் சிட்டிசனா இருந்தா மட்டும் பத்தாது. இன்னொருத்தர் இல்லீகல் மைக்ரண்டா இருக்கக் கூடாது. ஸோ..." நிமிர்ந்தாள். "இல்ல. அந்தப் பொண்ணு சிட்டிசன் இல்ல."

பெண் என்று நான் சொல்லவில்லை. உன் வயது என்றதால் அவளாகச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே ஸ்டெல்லா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"இங்கயே பொறந்து, இங்கயே படிச்சு..."

"அதெல்லாம் கணக்கு இல்ல டாடி. ஈஸி கொஸ்டின், மூணு மார்க்."

"அப்ப அவ எந்த நாடு?"

"ஃபாதரோட நாடு எடுத்துக்கணும். எடுத்துக்கலேன்னா ஸ்டேட்லெஸ், எந்த நாடும் இல்ல. அது இண்டர்நேஷனல் ரிலேஷன்ஸ், கடைசி சாப்டர். எங்க மேம் இன்னும் நடத்தல." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "பாவம் இல்ல? அந்த ஆள் முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

நான் எழுந்து வெளியே போய், ஒன்றும் வாங்காமல் கறிக்கடை வரை நடந்துவிட்டுத் திரும்பினேன்.

5

பிறந்தநாள் அன்று காலையில் தன் பெயரைப் பட்டியலில் சேர்க்கப் போவதாக ஜெனி சொல்லிக்கொண்டே இருந்தாள். முதல் வேலை அதுதான், கேக் அப்புறம்தான் என்றாள். அந்தப் படிவத்தில் பெற்றோரில் ஒருவருடைய அட்டை எண்ணைக் கேட்பார்கள். என் பெயர் பட்டியலில் இருந்தால் என்னுடையதைத்தான் போடுவாள். பிறகு என்னை இழுத்தால் அவளும் கூட வருவாள். அதற்குள் என் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று நானும் ஸ்டெல்லாவும் முடிவு செய்தோம். மனு கொடுக்கிற அன்று மாலையே ஜெனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றும் பேசிக்கொண்டோம். ஸ்டெல்லா அதில் பிடிவாதமாக இருந்தாள்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலை வார்டு அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் பகுதிப் பட்டியலைப் பார்ப்பவர் மஞ்சுளா மேடம். கன்னடக்காரர், அங்கன்வாடி டீச்சர், நல்ல தமிழ் பேசுவார். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், எல்லாரும் பெயர் சேர்க்க வந்தவர்கள்.

"டிலீட் ஃபார்மா? யாரு, வீட்ல டெத்தா?"

"என்னோட பேருதான் மேடம்."

கண்ணாடியைக் கழற்றினார். "நீ உயிரோட இருக்கியேப்பா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஷிஃப்ட் ஆகறேன் மேடம்."

"எல்லிகே?"

"பொம்மசந்திரா."

"அதுக்கு வேற ஃபார்ம் இருக்கே, அட்ரஸ் மாத்திக்கலாம். டிலீட் எதுக்கு? கார்டு வந்து ஒரு மாசம் ஆகல."

"பெயிண்டர் மேடம். அங்கயும் எத்தனை நாளோ தெரியாது."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் நான் ஓடியிருக்க வேண்டும். பிறகு குரலைத் தணித்து, "ஊர்லயும் ஒரு வோட் இருக்கு, ஹௌதா, அப்படித்தானே?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தமிழ்நாட்டு ஆளுங்க எல்லாம் இதேதான். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. இப்ப செக் பண்ணறாங்கன்னதும் பயம்." நான் செய்யாத சின்னக் குற்றம் ஒன்றை அவரே எடுத்து எனக்குக் கொடுத்தார். நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

இடம் மாறியவர் என்ற கட்டத்தில் அவரே குறி போட்டார். விரல் வைத்தார். இந்த முறை நான் கையெழுத்துப் போடவில்லை. "கீழ என்ன எழுதியிருக்கு மேடம்?" என்றேன். என் வாழ்க்கையில் ஓர் அலுவலரிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல்.

"பொய் சொன்னா ஜெயில்னு இருக்கு. பயப்படாதே. பொய்னு தெரிஞ்சு சொன்னாத்தான் குத்தம். தெரியாம சொன்னா ஒண்ணும் இல்ல. இங்க பாதிப் பேருக்கு எதுல சைன் போடறோம்னே தெரியாது. அவங்களை எல்லாம் பிடிச்சா ஜெயில் பத்துமா?"

கையெழுத்துப் போட்டேன்.

"ஒரு வாரத்துக்குள்ள உங்க வீதிக்கு வருவேன். அக்கம்பக்கம் கேப்பேன். நீ அங்க இருந்தா ரிஜெக்ட்."

வெளியே வந்து சுவரோரம் நின்றேன். தெரிந்து சொன்னால் குற்றம், தெரியாமல் சொன்னால் இல்லை. நாளைக் காலை ஜெனி தன் படிவத்தில், நான் இந்தியக் குடிமகள் என்று எழுதப்போகிறாள். இன்று அவள் அதை நம்புகிறாள். மாலையில் நான் வாயைத் திறந்தால் நாளைக்கு அதே வரி பொய்யாகிவிடும். அதைவிடப் பயம் வேறு ஒன்று. அவள் அந்தப் பொய்யை எழுதவே மாட்டாள். ஒருமுறை விடைத்தாளில் இரண்டு மதிப்பெண் கூடுதலாக வந்ததை அவளே ஆசிரியையிடம் போய்ச் சொல்லிக் குறைத்துக்கொண்டாள். இதையும் நேராக வார்டு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடுவாள், அரசியலமைப்பு தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டு.

6

ஸ்டெல்லா பள்ளியிலிருந்து இரண்டு மணிக்கு வந்தாள். நான் பையில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மேன் இது? சாயந்திரம் சொல்றதா இருந்தமே."

விஷயத்தைச் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அவளுக்கு ஒரு நாள் தெரியத்தானே போகுது? படிக்கிற பிள்ளை."

"அன்னிக்குத் தெரியட்டும். நாளைக்கு வேணாம்."

"கோர்ட்டுக்குப் போனா ஏதாவது வழி இருக்கும்னு சொல்றாங்களே."

"கோர்ட்டுக்குப் போனா முதல்ல நான் யாருன்னு சொல்லணும்."

"எப்ப திரும்பி வருவே?"

"வீடு வீடா வர்றவங்க வந்து போகட்டும்."

"அவங்க போறதுக்குள்ள அடுத்த லிஸ்ட் ஒண்ணு வரும். இந்த ஊர்ல லிஸ்ட் எப்பய்யா முடிஞ்சிருக்கு?" சுவரில் சாய்ந்துகொண்டாள். "நாளைக்கு மெழுகுவத்தி ஏத்தும்போது டாடி எங்கன்னா நான் என்ன சொல்ல?"

"வேலை வந்துச்சுன்னு சொல்லு."

"ஓடிட்டான்னு நினைப்பா."

"நினைக்கட்டும். ஓடறது எனக்குப் பழக்கம்தானே."

"அவளுக்கு இல்லியே மேன்."

மடித்த சட்டையைப் பையில் திணித்தேன். நான் செய்தது சரி என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு பெண் தன்னைப் பற்றிய உண்மையை அறியாமல் இருப்பதே அவளுக்குப் பாதுகாப்பு என்று அப்பனே முடிவு செய்வது என்ன நியாயம் என்று எனக்குத் தெரியாது. அன்று எனக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது. அந்த ஒரு நாளைக்கு மட்டுமே யோசித்தேன். ஸ்டெல்லா அடுப்படிக்குப் போய், ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு வந்து பையின் மேலே வைத்தாள். அழவில்லை. "உரக்கச் சொல்லிட்டுப் போ. மாடி டீச்சருக்குக் காது மந்தம்" என்றாள்.

7

எம்.ஜி. ரோட்டைக் கடந்து, ரிச்மண்ட் பக்கமாக வந்து, ஓசூர் ரோட்டைப் பிடித்தேன். ஆடுகோடி தாண்டும்போது கைபேசி அடித்தது. ஜெனி. எடுக்கவில்லை. நிறுத்தி நிறுத்தி ஐந்து தடவை அடித்தாள். ஆறாவது தடவை அடிக்காதபோது அதுதான் கஷ்டமாக இருந்தது. மடிவாளாவில் ஒரு காவலர் வாகனங்களை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார். நடந்து போகிற என்னை அவர் பார்க்கக்கூட இல்லை, ஆனாலும் எதிர்ச் சாரிக்குப் போனேன். சில்க் போர்டிலிருந்து இப்போது பொம்மசந்திராவுக்கு மெட்ரோ ஓடுகிறது. அதில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பேருந்தில் ஏறினேன்.

பொம்மசந்திராவில் முன்பு என்னோடு வேலை செய்த இருவர் அறை எடுத்திருக்கிறார்கள். கேள்வி கேட்காமல் ஒரு பாயைத் தந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கூலியாட்கள் நிற்கும் சர்க்கிளில் போய் நின்றேன். தர்மபுரிக்காரர் ஒரு மேஸ்திரி வந்து பையைப் பார்த்தே பெயிண்டர் என்று கண்டுகொண்டார்.

"ஆதார் ஜெராக்ஸ் இருக்காண்ணே? ஃபேக்டரி கேட்டுல பேர் எழுதணும்."

"பேர் எழுதாத வேலை ஏதாவது இருக்கா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கு. தரைக்கடியில தண்ணித் தொட்டி. உள்ள எறங்கி எபாக்ஸி பெயிண்ட் அடிக்கணும். காத்து கம்மி, நெடி ஜாஸ்தி. பின்பக்கமா டேங்கர் வண்டியில உள்ள போயிடலாம், பேர் கீர் ஒண்ணும் எழுத மாட்டாங்க."

"ஏன்?"

"ரூல்படி உள்ள ஆள் எறங்கவே கூடாதுண்ணே. அப்பறம் யார் பேரை எழுதுவாங்க?"

ஏதாவது நடந்தால் அப்படி ஒருவன் அங்கே இருந்ததில்லை. எனக்கு அது நன்றாகவே புரிந்தது. வருகிறேன் என்றேன்.

தொட்டியின் வாய் ஒரு ஆள் நுழையும் அளவு. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. இந்த முறை எடுத்தேன்.

"ஹாப்பி பர்த்டே கண்ணு."

"நேத்து எடுக்கல."

"பஸ்ல சத்தம்மா."

"சரி." குரலில் ஒன்றும் இல்லை. "ஃபார்ம் ஃபில் பண்றேன். உங்க கார்டு நம்பர் சொல்லுங்க."

"மம்மியோடத போடு."

"ஏன்?"

"என்னோடத கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன். அட்ரஸ் மாறுது இல்ல."

பின்னால் ஸ்டெல்லா யாரிடமோ தட்டு கேட்பது கேட்டது.

"நான் சேத்தது டாடி அது. கிளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு சேத்தேன். மேம் எல்லார் முன்னாடியும் கை தட்டச் சொன்னாங்க. அதைப் போய் கேன்சல் பண்ணியிருக்கீங்க. உங்களுக்கு எதுவுமே முக்கியம் இல்ல, இல்ல?"

மேஸ்திரி, சீக்கிரம் என்று கையைச் சுழற்றிக் காட்டினார்.

"படிவத்தை முடிச்சிடும்மா" என்றேன்.

"முடிக்கத்தான் போறேன். உங்களுக்காக ஒண்ணும் இல்ல." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுவது எனக்குத் தெரிந்தது. பிறகு உறுதிமொழியை ஆங்கிலத்தில் வேகமாக வாசித்தாள், தினமும் சொல்லும் ஜெபத்தைச் சொல்வதுபோல. இந்தியாவின் குடிமகள், பிறந்த இடம் பெங்களூர். ஒரு சொல்லில்கூடத் தயங்கவில்லை.

"சப்மிட் பண்ணிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கைபேசியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, இரும்பு ஏணியில் இறங்கினேன். உள்ளே விளக்கைப் பிடித்துச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது. ஈரத்தின் மேல் பூசினால் நிற்காது. பழைய துணி ஒன்றை எடுத்து, மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.